யாருக்கு இந்தக் கவுன்?

யுவராணி புருஷன் அருளின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சைடு பாக்ஸையும் துடைக்கத் திறந்தாள். உள்ளே ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் பூப்போட்ட குட்டிக் கவுன் ஒன்று, கூடவே கொஞ்சம் கண்ணாடி வளையல். ரெண்டு வயசுப் பெண் குழந்தைக்குத்தான் அது சேரும். அம்பத்தூர் எஸ்டேட்டில், எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைத் துணி தைப்பவளுக்கு அளவு தெரியாதா என்ன?

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சரண். அவனுக்கு மீசை முளைத்து, பாலிடெக்னிக் போகிறான். இரண்டு பேர் சொந்தத்திலும் அந்த வயசில் ஒரு பெண் குழந்தை கிடையாது.

அப்படியானால் இது யாருக்கு?

பையை இருந்த மாதிரியே வைத்து மூடிவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின் லோகநாயகியிடம் சொல்லி அழுதாள்.

“இதுல யோசிக்க இன்னா கீது? சின்ன ஊடுதான்” என்று அடித்துச் சொன்னாள் லோகநாயகி. அடுத்த வீட்டு விஷயத்தில் அவளுக்குச் சந்தேகமே வராது.

“அவரு அப்டிப்பட்ட ஆளு இல்லக்கா.”

“மாட்டற வரைக்கும் யாருமே அப்டிப்பட்ட ஆளு இல்லடி.”

யோசிக்க யோசிக்க யுவராணிக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. பேச்சு குறைந்துவிட்டது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறான்.

போன வாரம் நடந்ததும் நினைவுக்கு வந்தது. அந்த வெளிநாட்டுச் சண்டையில் குண்டு விழுந்து செத்துப்போன குழந்தைகளைப் போனில் பார்த்துப் பார்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கம்பெனியே அழுதது. ஆளாளுக்கு அதைத்தான் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். லோகநாயகி தன் வாட்ஸ்அப் டீபி படத்தையே கறுப்பாக்கினாள்; மறுநாள் தங்கச்சிக்கு வளைகாப்பு வந்துவிட்டதால் மாற்ற வேண்டியதாகிவிட்டது, பாவம்.

“இங்க பாருய்யா, பச்சப் புள்ளைங்க” என்று அருளிடம் போனை நீட்டினாள். வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

சரியான கல்நெஞ்சக்காரன் என்று அன்றைக்கு நினைத்தாள். மனசு முழுக்க வேறொரு வீட்டில் இருந்தால் இங்கே நெஞ்சு கல்லாகத்தானே இருக்கும் என்று இப்போது புரிந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் ஏமாந்துபோனோமே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அமாவாசை அன்று காலையில், “இன்னிக்கு நான் லீவு” என்றான் அருள்.

“ஏன்? ஒடம்புக்கு இன்னா?”

“ஒண்ணுமில்ல. நீ வேலைக்குக் கெளம்பு.”

காய்ச்சல் வந்தாலும் பாடி ஏரியாவுக்கு வேலைக்குப் போய்விடுகிற ஆள் அவன். யுவராணி கம்பெனிக்குப் போனாள். ஊசியில் நூல் ஏறவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூர் வீட்டுக்குத் திரும்பினாள்.

வாசலில் பைக் நின்றது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். ஜன்னலும் சாத்தியிருந்தது. காதை வைத்துக் கேட்டாள்.

உள்ளே வளையல் சத்தம்.

“கதவத் தொறய்யா! எவ உள்ள கீறா?” அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

அருள் கதவைத் திறந்தான். ஈர வேட்டி, நெற்றியில் விபூதி. அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சமையல்கட்டு, பாத்ரூம், கட்டிலுக்கு அடியில் என்று எல்லா இடமும் தேடினாள். ஒருத்தியும் இல்லை.

சாமி படத்துக்குக் கீழே தலைவாழை இலை விரித்திருந்தது. நடுவில் பூச்சுற்றிய சொம்பு. சொம்புக்கு முன்னால் அந்தக் கவுன், அதன்மேல் வளையல். ஒரு டம்ளர் பால், பிஸ்கட்.

அல்பாயுசில் போன பெண் குழந்தையை வீட்டுச் சாமியாக நினைத்து, புதுத்துணி வைத்துப் படைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். யுவராணிக்கு அதைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எவள் பெற்றால் என்ன, குழந்தை குழந்தைதானே.

“செத்துப்பூடுச்சா?”

“ம்.”

“உனக்குப் பொறந்ததாய்யா?”

“சீ! இன்னாமே பேசற?”

“அப்ப யாரு புள்ள? பேரு இன்னா?”

“பேரு எனக்கு இன்னா தெரியும்? அந்தச் சண்டையில செத்துதே, அந்தக் கொழந்த.” சொம்பில் சுற்றிய பூவைச் சரிசெய்தான். “அப்பன், ஆத்தா, கூடப்பொறந்ததுன்னு அந்த ஊட்ல எல்லாருமே போய்ட்டாங்களாம். அதுக்குன்னு ஒரு துணி வெக்கக்கூட ஆளு மிச்சமில்லியாம். அவங்க வழக்கம் இன்னான்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சத செய்வோமேன்னு செஞ்சேன். சோறே எறங்கலமே எனக்கு. வெளிய சொன்னா சிரிப்பானுங்க.”

யுவராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவுனின் சுருக்கத்தை மெதுவாக நீவிவிட்டாள்.

“எந்தக் கொழந்தய்யா அது? என்கிட்ட நீ காட்டவே இல்லியே?”

அருள் புரியாமல் அவளைப் பார்த்தான்.

“இன்னாமே இப்டி கேக்கற? உன் ஸ்டேட்டஸ்ல வெச்சு, நீதானே எனக்குக் காட்டின?”