மறந்துபோன மூன்றாவது அடி

"இன்னைக்கும் மறந்துட்டார்!" இயக்குநர் வேத்ரன் குதூகலமாக யஸ்னாவின் காதருகே கிசுகிசுத்தான். "ஆறு ஊர், ஆறு தடவை. அதே பாட்டு, அதே மூணாவது அடி. நம்ம படத்துக்கு முடிவு கிடைச்சாச்சு அக்கா."

மேடையில் பாடகர் நெஜாத் இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தபடி நின்றார். மோஸ்தார் நகரமே எழுந்து, அவர் விட்ட அடியை எடுத்துப் பாடியது. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனியில் அந்திவெயிலும் பாட்டும் சேர்ந்து மிதந்தன.

யஸ்னாவுக்கு எரிச்சல்தான் வந்தது. குடித்துவிட்டு மேடையேறுகிறார் என்று பத்திரிகைகள் எழுதியது உண்மைதான் போல. இந்த வயதில் வீட்டில் இருந்தால் என்ன?

அவள் அவரைப் பற்றிய ஆவணப்படக் குழுவின் ஒலிப்பதிவாளர். கச்சேரிப் பயணம் நெடுக அவரைப் பின்தொடரலாம், பதியலாம். எதிலும் தலையிடக் கூடாது. அதுதான் வேத்ரனின் சட்டம். காலையில் அவர் சட்டைக்குள் குட்டி மைக் ஒன்றைப் பொருத்துவாள். மேடையேறும் முன் கழற்றிவிடுவாள்.

இன்று கழற்ற மறந்திருந்தாள்.

பதறிப்போய் ஹெட்போனை அந்த மைக்குக்கு மாற்றினாள். தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் அவர் மூச்சு. அதற்குள் மெல்லிய முனகல். மூன்றாவது அடி! ஒரு சொல் பிசகவில்லை.

"இன்னொரு தடவை பாடுங்கப்பா..." என்று தனக்குள் முணுமுணுத்தார். "ஸாயிமோட விரல் நிமிரட்டும்."

யஸ்னா நிமிர்ந்து பார்த்தாள். பின்னால், நாற்பது வருடமாக அவருக்கு அக்கார்டியன் வாசிக்கும் ஸாயிம், மடங்கிப்போன விரல்களை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது அடியில்தான் அக்கார்டியனில் விரல்கள் பறக்க வேண்டும்.

கச்சேரி முடிந்து மைக்கைக் கழற்றப் போனாள்.

"ஐயோ, இது ஓடிட்டா இருந்துச்சு?" நெஜாத்தின் முகம் வெளுத்தது.

சட்டத்தை மீறி முதல் முறையாகப் பேசினாள். "ஏன் சார் இப்படி? உங்க பேரு கெடுதே."

"எனக்கு மறதின்னா ஊரே கூடப் பாடும்மா. அவனுக்குக் கை வரலைன்னு தெரிஞ்சா, கச்சேரி நடத்துறவங்க நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. அவனுக்கும் இது தெரிய வேணாம். தெரிஞ்சா அப்புறம் வாசிக்கவே மாட்டான்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஸாயிம் வந்தார். "அடேய் நெஜாத், மறுபடியும் கோட்டை விட்டியே! கையில எழுதி வச்சுக்கிட்டுப் பாடுடா, மண்டு!"

"எழுதினேன்டா. எந்தக் கையிலன்னு மறந்துபோச்சு."

ஸாயிம் விழுந்து விழுந்து சிரித்தார். யஸ்னா வெளியே வந்து, கருவியில் அந்தப் பதிவைத் தேடி அழித்தாள்.

வேத்ரன் ஓடிவந்தான். "சட்டை மைக் மேடையில ஓடிச்சாமே! போதையில உளறினது பதிவாகியிருக்குமே, போடுங்க!"

"பதியலை தம்பி. பட்டனை அழுத்த மறந்துட்டேன்."

"இருபது வருஷமா இதே வேலை பாக்குறீங்க, பட்டனை அழுத்த மறப்பீங்களா?"

இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தாள் யஸ்னா. "வயசாகுதில்ல?"