பெரிய ட்ரம்மும் பித்தளைத் தாளமும்

“அப்பா, அவ்வளவு பெரிய ட்ரம்மைக் கட்டிக்கொண்டு, நிலம் தெரியாமல் எப்பிடி நடந்தனீங்கள்?” முன்பொருநாள் மகள் றோஸ் கேட்டதை யாகப்பு சொல்ல, கனிசியஸ் சிரிக்கிறான். பள்ளிக்கூட பாண்டில் பக்கத்தில் பித்தளைத் தாளம் அடித்தபடி, வீதியின் கல்லையும் பள்ளத்தையும் மெல்லச் சொல்லி யாகப்புவை விழாமல் காத்தவன் அவன்தான். “ஒருக்கா இல்லாத பள்ளத்தைச் சொன்னனான். நீ துள்ளின துள்ளல்!” “பாதரிட்டை ஏச்சு வாங்கினது நானெல்லோ, கள்ளா!” குருநகர்க் கரையில் மாலை வெயில் சிவக்கிறது. கவிழ்த்த வள்ளத்தில் இருவரின் விரல்களும் பழைய பாண்டுத் தாளநடையைத் தட்டுகின்றன. அந்த முழக்கத்தை இன்னொருமுறை கேட்க யாகப்புவின் மனம் ஏங்குகிறது. தன் வள்ளம் எரிந்தபின் கனிசியஸ் யார் சும்மா கொடுத்தாலும் மீன் வாங்குவதில்லை. வீட்டில் பிள்ளைகள் வெறுஞ்சோறு தின்கிறார்கள். கோயில் மணி அடிக்கிறது. கனிசியஸ் எழுந்து, மணியோசைப் பக்கம் திரும்பி, கண்மூடிச் செபிக்கிறான். யாகப்பு இன்று தான் பிடித்த மீனில் பாதியை அவனுடைய பனையோலை உமல் பைக்குள் ஓசைப்படாமல் இட்டு மூடிவிட்டு, தானும் எழுந்து கண்களை மூடிக்கொள்கிறான்.