டம்ளருக்கு அடியில் ஒரு முகம்

“எஸ்.வி.! சேனாபதி, வசந்தாமணி. இதுக்கு மேல என்னங்ணா சாட்சி வேணும்?”

வசந்தாமணி வெள்ளி டம்ளரைக் கவிழ்த்து ஜம்புநாதனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அடியில் எள்ளளவு எழுத்துகள்.

“முதல்ல உட்கார விடும்மா. பிளானோலேர்ந்து அடிச்சுப் பிடிச்சு வந்திருக்கேன். உடனே வாங்க, லென்ஸோட வாங்கன்னா என்ன அர்த்தம்?”

ஜம்புநாதனுக்கு வேலை கம்ப்யூட்டரில். சனி, ஞாயிறானால் செத்தவர் வீட்டுச் சாமான்களை விற்கிற இடங்களுக்குப் போய், ஐரோப்பாவின் பழைய வெள்ளியைக் கிளறிக்கொண்டிருப்பார். ஃபிரிஸ்கோ கோயிலில் அவருக்கு ‘ஈயம் பித்தளை’ என்றே பட்டப்பெயர்.

சேனாபதி சோஃபாவில் உட்கார்ந்து கார்ப்பெட்டைப் பார்த்தபடி சொன்னான். “ராமாத்தாக்கா பெட்டியில இருந்ததுங்ணா.”

ராமாத்தாளை ஜம்புநாதனுக்குத் தெரியும். இவர்களின் குழந்தை வெண்பாவைப் பார்த்துக்கொள்ள விசிட்டர் விசாவில் வரவழைத்த தூரத்து உறவு. காங்கேயம் பக்கம் களையெடுத்துக் காய்த்துப்போன கை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துவிட்டு, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருப்பாள்.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பின்னாடி வீட்டு வெள்ளைக்காரக் கிழவி குடுத்துச்சாமா,” என்றாள் வசந்தாமணி. “முழங்காலுக்கு எண்ணெய் தேச்சு விட்டாளாமா, அதுக்குக் குடுத்துச்சாமா. இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. கதையைக் கேளுங்க!”

“அந்தக் கிழவியைக் கேட்டா முடிஞ்சுது.”

“கேட்காம இருப்பமா? போன மாசமே வயசானவங்க ஹோம்ல சேத்துட்டாங்க. அதுக்குத் தன் பேரே ஞாபகமில்ல.”

“சரி, உங்க வீட்டுல டம்ளர் குறையுதா?”

“அது எனக்கெப்படித் தெரியும்? சீர் சாமானெல்லாம் பிரிக்காமயே கராஜ்ல கெடக்குது. எங்கம்மா எல்லாத்துலயும் பேர் வெட்டித்தான் குடுத்தாங்க. அடுத்தவன் பேரை எவனாவது டம்ளர்ல வெட்டுவானா? பேருக்குப் பக்கத்துல லட்சுமி முகம் வேற இருக்குது. ஈரோட்டுக் கடை முத்திரை.”

“ராமாத்தாகிட்ட நீ என்ன சொன்னே?”

“திருடின்னு சொன்னேன். வேறென்ன சொல்லுவாங்க?” அவள் குரல் இறங்கியது. “ஊருக்கு ஃபோன் போட்டு அவ பையன்கிட்டயும் சொன்னேன். அவளைப் பக்கத்துல நிக்க வச்சு, ஸ்பீக்கர்ல.”

ஜம்புநாதன் டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். லென்ஸைக் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“லட்சுமி இல்லம்மா இது. நெத்திக்கு மேல பிறை தெரியுதா? டயானான்னு அவங்களோட வேட்டை தெய்வம். ஆஸ்திரியா சர்க்கார் முத்திரை. முகத்துக்குப் பக்கத்துல மூணுன்னு ஒரு நம்பர். அப்படின்னா ஆயிரத்துக்கு எண்ணூறு பங்கு வெள்ளி. ஓரத்துல இருக்கற ‘ஏ’ வியன்னால சோதிச்சதுக்கு அடையாளம்.”

“அப்ப எஸ்.வி.?”

“செஞ்ச பட்டறைக்காரனோட பேரு. வச்சிருக்கறவங்க பேரு இல்ல. விரலால தடவிப் பாரு. நம்ம ஊர்ல உளியால வெட்டுவாங்க, எழுத்து பள்ளமா இருக்கும். இது அச்சு வச்சு அடிச்சது. குழிக்குள்ள எழுத்து மேடா நிக்குது.”

வசந்தாமணி தடவிப் பார்க்கவில்லை. “எங்கம்மா பழைய வெள்ளியா வாங்கியிருந்தா?”

“ஈரோட்டுல வியன்னா வெள்ளியா? இந்த முகத்தை அடிக்கறதையே 1922ல நிறுத்திட்டாங்க. உங்கம்மாவே அப்பப் பொறக்கல. அந்தக் கிழவிக்கு எந்த நாடு?”

சேனாபதி தலையைத் தூக்காமலே சொன்னான். “ஆஸ்திரியாங்ணா.”

“நீ பேசாம இரு!” என்று அவன் மேல் பாய்ந்தவள், ஜம்புநாதனின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. “இன்னொருக்கா நல்லாப் பாருங்ணா. எங்களுதுன்னு சொல்லுங்ணா. ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்.”

ஜம்புநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நின்றுகொண்டே காபி கொடுத்த பொம்பளையிடம் தலையைக் குனிய இத்தனை அடமா? கையை உருவிக்கொண்டார்.

“அவங்க சொன்னது அத்தனையும் நிஜம். நீங்கதான் அநியாயமாப் பழி போட்டிருக்கீங்க. இப்ப எங்க இருக்காங்க?”

“நாளைக்குக் காலைல ஃப்ளைட்டுங்ணா,” என்றான் சேனாபதி. “கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குப் பையன் வர்றான்.”

“நல்லவேளை, இன்னிக்கே என்னைக் கூப்பிட்டீங்க. திருடிங்கற பேரோட பெத்த பிள்ளை முன்னாடி போய் இறங்க வேண்டாம் பாரு. யார் வீட்டுல தங்க வச்சிருக்கீங்க? ஃபோனைப் போடு. உங்களுக்குக் கூச்சமா இருந்தா நானே பேசறேன்.”

இரண்டு பேரில் யாரும் ஃபோனைத் தொடவில்லை. வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பேச முடியாதுங்ணா,” என்றான் சேனாபதி. “பையன் ஃபோனை வச்சதும், அந்த வெயில்ல, கட்டின சேலையோட நடந்தே வெளிய போயிட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு வழின்னு நெனச்சு, வண்டி மட்டுமே பறக்கற டோல்வே ரோட்டுல ஏறியிருக்காங்க. ட்ரக்குக்காரன் பாக்கலைங்ணா. இன்னிக்கு மத்தியானந்தான் பாடியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.”