தலைவர் அனுப்பிய படகு

படகு நகரவில்லை. அதன் அடி தார்ச்சாலையில் உரசியது.

தச்சநல்லூரின் அந்தத் தெருமுனையில் வெள்ளம் முழங்காலுக்குத்தான் இருந்தது. வெறும் படகென்றால் வில்சனும் அவன் மச்சான் ஞானப்பிரகாசமும் இறங்கித் தள்ளிவிடுவார்கள். உள்ளே போகப் போக ஆள் மூழ்கும் தண்ணீர். அங்கே என்ஜினைப் போட்டுக்கொள்ளலாம். விடிந்ததிலிருந்து அப்படித்தான் போய்வந்து கொண்டிருந்தார்கள்.

இப்போது படகுக்குள், படம் எடுத்துக்கொள்ள ஏறிய தலைவர் உட்கார்ந்திருந்தார். கூடவே மாவட்டச் செயலாளரும் இரண்டு தடியன்களும்.

தலைவர் சென்னையிலிருந்து வந்தவர். இந்தப் பக்கம் அவர் கட்சிக்கு ஒரு கொடிக்கம்பம்கூடக் கிடையாது.

படகைக் கொண்டுவரச் சொல்லி வில்சனிடம் யாரும் சொல்லவில்லை. தாமிரபரணி ஊருக்குள் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டதும், உவரிக் கடற்கரையில் கிடந்த படகை லாரியில் ஏற்றிக்கொண்டு அவனாகவே வந்துவிட்டான். அவன் எண் எப்படியோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

போன் அடித்தது. விஜயஸ்ரீ என்றொரு பெண். அவன் பார்த்திராதவள். கடைசித் தெருவில் மாடிப்படியில் இருக்கிறாள். வெள்ளத்தோடு வீட்டுக்குள் வந்த நல்ல பாம்பு அவள் புருசன் அம்பலவாணனைக் கடித்துவிட்டது.

“அண்ணே, அவுகளுக்கு இமை தொங்குது. எங்கன வாறிய?”

“இந்தா வந்துட்டேம்மா.”

வில்சன் தலைவர் பக்கம் திரும்பினான். “ஐயா, இறங்கிக்கிடுங்க. ஒருத்தரப் பாம்பு கடிச்சிருக்கு.”

தலைவர் காதில் விழுந்தது. முகத்தில் கவலையைக் கொண்டுவந்தார். அந்தக் கவலை கேமராவில் விழுந்ததா என்று எதிரே நின்று படம் எடுத்த டிவிக்காரனைப் பார்த்தார்.

விழவில்லை. ஆகவே மறுபடியும் கவலைப்பட்டார்.

டிவிக்காரனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. முழங்கால் தண்ணீர் வெள்ளமாகவே தெரியவில்லை என்றான்.

மாவட்டச் செயலாளர் கையைக் காட்டினார். தலைவரோடு வந்து சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் குந்தினார்கள். சலவை வேட்டியும் மோதிரமுமாக வந்திருந்த பெரிய மனிதர்கள், சாக்கடை கலந்த தண்ணீரில், அடைகாக்கும் கோழி மாதிரி. இப்போது வெள்ளம் எல்லோருக்கும் கழுத்தளவு. ஒருவன் வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டு, மறுபடி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

கழுகுகூட ஆள் சாகும்வரை பொறுக்கும் என்று வில்சன் நினைத்தான்.

மறுபடி போன் அடித்தது. “உயிர் போற விசயம்யா” என்று வில்சன் கத்தினான். “தலைவர் அதுக்குத்தானவே வந்திருக்காரு, ரெண்டு நிமிசம் பொறும்” என்றார் மாவட்டச் செயலாளர்.

இரண்டு நிமிடம் எங்கெங்கோ போயிற்று. தலைவர் ஒரு கையை நீட்டினார். பிறகு மறு கையை நீட்டினார். ஒரு குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அது அழுததால் சிரிக்கிற குழந்தையைத் தேடிப் போனார்கள்.

போன் அடிப்பது நின்றுவிட்டது.

வில்சன் படகைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தான். தடியன்கள் தலைவரை அள்ளித் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். அதையும் படம் எடுத்தார்கள்.

கடைசித் தெருவில் விஜயஸ்ரீ புருசனின் தலையை மடியில் வைத்திருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க வைத்த கை, எடுக்க மனமில்லாமல் அவர் மூக்கருகே அப்படியே இருந்தது.

“இப்பந்தான்,” என்றாள். “இப்பந்தான் நின்னுச்சு.”

அன்று மாலையே எல்லாச் சேனலிலும் கழுத்தளவு வெள்ளம் ஓடியது. நடுவில் தலைவர். உவரியிலிருந்து படகுகளை வரவழைத்தவர் என்று கீழே எழுத்து நகர்ந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தவர்கள் அதற்குப் பாட்டு வைத்து அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் ஞானப்பிரகாசமே கழுத்தளவு என்று சொல்ல ஆரம்பித்தான். முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளியவன் அவன்தான்.

வில்சன் காறித் துப்பினான். வேறென்ன செய்ய.

சித்திரையில் தேர்தல் வந்தது. உவரிக் கடற்கரையில் மேடை போட்டார்கள். தலைவர் பக்கத்தில் விஜயஸ்ரீயை உட்கார வைத்திருந்தார்கள். அவளைப் பேசச் சொன்னார்கள்.

“தலைவர் படகு அனுப்பலன்னா எங்க வீட்டுக்காரங்க உடம்பக்கூட எடுத்திருக்க முடியாது,” என்றாள். கூட்டத்தில் வில்சனைக் கண்டுகொண்டாள். “இந்தா, இந்த அண்ணன்தான் வந்தாக.”

ஊரே அவனை மேடைப் பக்கம் தள்ளிவிட்டது. வில்சனும் ஏறினான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு இறங்குவதென்றுதான் ஏறினான். மேடையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். ஒருவரையும் விடப்போவதில்லை.

மைக் முன்னால் வந்து நின்றான். விஜயஸ்ரீ அதைக் கையால் பொத்திக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பைய கேட்டாள்.

“நான் கூப்பிட்டதும் கெளம்பிட்டியல்லாண்ணே? யாராலயும் அதுக்கு மேல வேகமா வந்திருக்க முடியாதுல்லா?”

ஐந்து மாதமாகத் தூங்காத கண். பதில் தெரியாமல் அது தூங்கப்போவதில்லை.

அவள் கையை எடுத்தாள்.

“ஆமாம்மா,” என்றான் வில்சன். ஒலிபெருக்கி அதைக் கடல்வரைக்கும் கொண்டுபோயிற்று. “சொன்ன உடனே கெளம்பிட்டோம்.”

கூட்டம் கைதட்டியது. தலைவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். வில்சன் உதறவில்லை. விஜயஸ்ரீ பார்த்துக்கொண்டிருந்தாள்.