வளைவில் நின்றுபோகும் பாட்டு

தும்... தும்... தும்...

வேன் கண்ணில் படும் முன்பே அதன் பாட்டு வந்துவிட்டது. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கருத்தக்கண்ணனின் கார் ஆடியோ கடையில் ஷட்டர் அதிர்ந்தது. கடையைக் கூட்டிக்கொண்டிருந்தவன் விளக்குமாற்றைப் பாதியில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

வேன் சொந்தக்காரர் நல்லகாமன் இறங்கும்போதே கத்தினார்.

"ஏய்யா! நீ மாட்டிக் குடுத்தது ஆம்ப்பா, இல்ல பேரீச்சம்பழத்துக்குப் போட்டதா?"

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே ஆச்சு? இப்பக்கூட நல்லாத்தானே பாடிக்கிட்டு வந்துச்சு!"

"இங்க பாடும். கல்லுப்பட்டி ரோட்டுல போனா பாதியில வாயப் பொத்திக்கிரும்."

கூடவே இறங்கிய அவர் மச்சினன் அருண்பாண்டி எகிறினான்.

"நம்ம ஆளுக பாட்டப் போட்டு அம்புட்டுப் பேரும் ஆடிக்கிட்டு வாரோம். பொசுக்குன்னு நின்னு போகுது. வெள்ளிக்கிழமை கெடா வெட்டு. அன்னைக்கும் நின்னுச்சு, நீ கடைய மூடிட்டுப் போயிர வேண்டியதுதான்."

கடை ஏற்கனவே பாதி மூடின மாதிரித்தான் இருந்தது. இந்த ஆம்ப் கதை வேன் ஸ்டாண்டில் பரவியதிலிருந்து ஒரு வண்டியும் வாசலில் வந்து நிற்கவில்லை. பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாமல், சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதிகம்.

சீட்டைத் தூக்கி, பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கிற அந்த ஆம்ப்பைப் பார்த்தான். எர்த் ஒயர் இறுக்கமாக இருந்தது. ஃப்யூஸ் சரியாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் சூடுகூட இல்லை.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்ண்ணே. டிரைவர மட்டும் அனுப்புங்க."

டிரைவர் மலையாண்டி அரை மனதோடு சாவியைத் திருகினான்.

ஊரைத் தாண்டியும் பாட்டு சளைக்கவில்லை. கண்மாய்க்கரை வளைவு வந்தது. அதை ஒட்டி ஒரு காலனி. குழாயடியில் பெண்கள், ரோட்டோரத்தில் பிள்ளைகள்.

பாட்டு நின்றது.

கருத்தக்கண்ணன் ஆம்ப்பைப் பார்க்கவில்லை. மலையாண்டியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓரங்கட்டு."

ஸ்டியரிங்குக்குக் கீழே விரல் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். ஆம்ப்புக்குப் போகிற ஒயரை வெட்டி நடுவில் கோத்திருந்தது.

கருத்தக்கண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட எம்புட்டு நாளாடா காத்துக் கெடந்த?"

"அண்ணே, போன வைகாசியில இந்த வளைவுலதான்... இதே பாட்டு. நம்மாளுக வேணும்னே சத்தத்தக் கூட்டி வச்சானுக. காலனிக்காரவுக வந்து ஏன்னு கேட்டாக. நம்ம வண்டியிலருந்து பாட்டில் பறந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு. அன்னைக்கும் ஓட்டுனது நாந்தான்."

"நிறுத்துங்கடான்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'நீ எந்தப் பக்கம்டா?'ன்னு என்னயவே அடிச்சானுக. மிஷினு தானா நின்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்கண்ணே. ஒங்களத் திட்டிட்டு உக்காந்துருவானுக."

சொன்னவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னயக் கொன்னே போட்டுருவாரு."

ரோட்டோரத்துப் பிள்ளை ஒன்று வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டியது. கருத்தக்கண்ணன் சட்டையை விட்டான்.

"வண்டிய எடு."

அவர்கள் திரும்பியபோது டீக்கடைக் கூட்டம் கலையாமல் இருந்தது.

"என்னய்யா, கண்டுபுடிச்சியா?" நல்லகாமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை பிழைத்துக்கொள்ளும். மலையாண்டி டிரைவர் சீட்டை விட்டு இறங்கவேயில்லை.

"நான் போட்ட ஆம்ப்புதாண்ணே மட்டம்," என்றான் கருத்தக்கண்ணன். "வண்டி குலுங்குனா நின்னுரும். வேற மாத்துனாலும் இந்த வண்டிக்கு அப்புடித்தான்."

"பாத்தீகளா மாமா, அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!" அருண்பாண்டி டீக்கடையைப் பார்த்துச் சிரித்தான்.

நல்லகாமன் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு வண்டியில் ஏறினார். வேன் கொஞ்ச தூரம் போய் நின்றது. துண்டை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி அவர் மட்டும் இறங்கித் திரும்பி வந்தார். கடைக்குள் நுழைந்ததும் அவர் குரல் தணிந்தது.

"அந்த சுவிட்சப் புடுங்கிப்புட்டியா?"

கருத்தக்கண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நல்லவேளை." அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கே விட்டுப்போயிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வண்டிய்யா. எந்த ஒயரு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? மச்சினனுக்கு முன்னால பாட்ட நிறுத்துடான்னு நான் சொல்ல முடியுமா? மறுநா ஊருக்குள்ள தலை காட்ட முடியாது."

"மலையாண்டி ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு..."

"பயந்துக்கிட்டே இருக்கட்டும். அவன்கிட்டச் சொல்லிப்புடாத. எனக்குத் தெரியும்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் நாளைக்கு அது நாலு பேருக்குத் தெரிஞ்சுரும்." எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "கெடா வெட்டு முடிஞ்சு சனிக்கிழமை வந்து இதவிடச் சத்தமாத் திட்டுவேன். மனசுல வச்சுக்காத, என்ன?"

வாசலைத் தாண்டியதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"ஒன் கடைக்கு இனிமே நாய்கூட வராதுய்யா!"

கருத்தக்கண்ணன் விளக்குமாற்றை எடுத்தான். காலையில் பாதியில் விட்ட இடத்திலிருந்து கடையைக் கூட்டத் தொடங்கினான்.