எங்கேயும் போகாத பயணிகள்

"இன்னைக்கும் வந்தாச்சா? இப்படிப் பனி கொட்டுறது கண்ணுக்குத் தெரியலையா? வீட்ல அடங்கிக் கிடக்க முடியாதா உங்களுக்கு?"

பஸ் கதவைத் திறந்ததும் டிரைவர் குனிஹிகோ போட்ட சத்தத்தில், முன் சீட்டில் இருந்த சயோரி திடுக்கிட்டாள்.

ஏறியவள் எண்பதைத் தொடும் கிழவி. பெயர் கிகுனோ. ரப்பர் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைப் படியில் நிதானமாகத் தட்டினாள்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடா. என்னைப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு சயோரிக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பெரியவர்கள் ஏறினார்கள். அவர்களுக்கும் அதே அர்ச்சனை.

"வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் தூக்குறது? திரும்பிப் போங்க! உங்களை இந்த பஸ்ல ஏத்தி ஏத்தி எனக்கு அலுத்துப் போச்சு!"

பெரியவர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

சயோரி டோக்கியோவிலிருந்து தனியாக வந்திருந்தாள். நாலு நாள் லீவு. கடைசி ஸ்டாப்பில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் முங்கி எழுந்து, யாரோடும் பேசாமல் தூங்கிவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். அமைதியான ஊர் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அமைதி இந்த லட்சணத்தில் இருந்தது.

"ஏங்க, வயசானவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று வெடித்தாள். "உங்க கம்பெனிக்குப் புகார் பண்ணப் போறேன்."

"தாராளமா பண்ணுங்க. நம்பர் கண்ணாடியில ஒட்டியிருக்கு." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திமிரைப் பார் என்று அவள் போனை எடுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேண்டாம் தாயீ" என்றாள் கிகுனோ. "அவனுக்காகத்தான் நாங்க இந்தப் பாடு படுறோம். நீ வந்து கெடுத்துடாதே."

"என்ன பாடு? நீங்க எங்க போறீங்க?"

"எங்கேயும் போகல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போவோம். அப்படியே திரும்பி வருவோம்."

"எதுக்கு?"

கிகுனோ குரலைத் தாழ்த்தினாள். "ஏறுற தலையைக் கம்பெனி எண்ணுதாம். தலை குறைஞ்சா ஏப்ரல்ல பஸ்ஸை நிறுத்திடுவாங்க. பஸ் நின்னா இவன் பொழப்பு தேடி ஊரை விட்டுப் போகணும். எங்க ஊர்ல அறுபது வயசுக்குக் கீழ இருக்கிறது இவன் ஒருத்தன்தான். எங்க எல்லாருடைய கூரைப் பனியையும் ஏறித் தள்ளுறதும் இவன்தான். அதான் நாங்க முறை வச்சுக்கிட்டு ஏறுறோம். அவன்கிட்ட மூச்சு விட்டுடாதே, ரோஷக்காரன்."

"அப்படிப்பட்டவரா இந்தக் கத்து கத்துறார்?"

"முன்னெல்லாம் தங்கமான பய. இந்தக் குளிர்காலத்துலதான் என்னவோ பிடிச்சிருக்கு. கத்தினா கத்திட்டுப் போறான், எங்க காதுதான் மந்தமாச்சே." தானே சிரித்துக்கொண்டாள். "இந்த ஏற்பாட்டை ஆரம்பிச்சதே எங்க வீட்டுக்காரர்தான். ஒரு நாள் தவறமாட்டார். போன மாசம், ஜனவரியில, ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தவர் அப்படியே சாய்ஞ்சுட்டார். இவன் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தப்ப உயிர் இல்லை."

சயோரி போனைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"அவர் இடத்தை இப்ப நான் பிடிச்சுக்கிட்டேன். பஸ் நிக்காம ஓடினா அதுவே போதும், அவர் போனதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்." விலைவாசி பேசுவது போலச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

கடைசி ஸ்டாப் வந்தது. கிழவர்கள் மூவரும் அசையவில்லை. சயோரி பெட்டியோடு இறங்கினாள்.

குனிஹிகோவும் இறங்கி, கண்ணாடியில் படிந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே அவனிடம் போனாள்.

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா? அவங்க யாருக்காக இந்தக் குளிர்ல செத்துச் சுண்ணாம்பாகுறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி விரட்டுறீங்க?"

அவன் துடைப்பத்தை நிறுத்தினான். பஸ்ஸுக்குள் கிகுனோ இன்னொரு ஆரஞ்சை உரித்து மற்ற இருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூடியிருந்ததால் உள்ளே எதுவும் கேட்காது. இருந்தும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பஸ்ஸை நிறுத்துறதுன்னு நவம்பர்லயே முடிவாயிடுச்சும்மா. என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. யார் ஏறினாலும் சரி, ஏறாட்டியும் சரி, ஏப்ரல்ல பஸ் கிடையாது."

சயோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் நினைச்சேன். புது வருஷம் சந்தோஷமாக் கழியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். அதுக்குள்ள அந்தம்மாவோட வீட்டுக்காரர் தமேகிச்சி ஐயா ஸ்டாப்புலயே போயிட்டார். சொல்லியிருந்தா அவர் அன்னைக்கு வீட்ல அடுப்பு முன்னாடி உட்கார்ந்திருப்பார்."

"சரி, இப்பவாவது சொல்லுங்க. பாவம், இன்னொருத்தர் விழறதுக்குள்ள."

"எப்படிம்மா சொல்றது?"

"ஏப்ரல்ல எப்படியும் தெரியத்தானே போகுது?"

"பஸ் நின்னது தெரியும். அது 'இந்தப் பாவிப்பய திட்டித் திட்டி ஆளை விரட்டினதாலதான் நின்னுது'ன்னு அந்தம்மா என் மேல மண்ணை வாரித் தூத்தட்டும்" என்றான் குனிஹிகோ. "வீட்டுக்காரர் வீணாத்தான் செத்தார்னு மட்டும் அவங்களுக்குத் தெரியவே கூடாது."