அத்தை பங்கு ஒரு ஜாடி

"அந்தக் கஷாயத்தை இந்த வருஷமும் ஊத்தப் போறீங்களா மாமா?"

மெயிலிஸ் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். மாமனார் அர்மான் பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போர்தோ நகருக்குப் பக்கத்தில் அவர்களுடைய சின்னத் திராட்சைப் பண்ணை. இன்று ஒயின் கலக்கும் நாள். முக்கால் பங்கு மெர்லோ திராட்சையின் சிவப்பு ஒயின், மீதி கபர்னே திராட்சையுடையது. கடைசியாக, அர்மானின் அக்கா ஒர்தான்ஸ் தன் ஆற்றோரத் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் ஒரு ஜாடி ஒயின்.

"எங்கப்பா வெச்சுட்டுப் போன வழக்கம்மா. ரெண்டு பிள்ளைங்க தோட்டமும் சேர்ந்தாதான் இந்த வீட்டு ஒயின்."

"கல்யாணத்தன்னிக்கு ஒரு வாய் குடிச்சேன். இன்னும் பல்லு கூசுது. மத்தியானம் ஒயின் வாங்குற தரகர் வர்றார். அவர் மூஞ்சியைச் சுளிச்சா, வருஷம் பூரா பாடுபட்டதும் போச்சு!"

மெயிலிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒர்தான்ஸ் அத்தை குரலில் இழுத்தாள். "என் ஒயின் சேராம இதெல்லாம் ஒயினாடா? சாயத் தண்ணி!"

"பரவால்லையே, என் குரல் இன்னும் இளசாத்தான் இருக்கு" என்றது வாசலில் அசல் குரல்.

ஜாடியும் கையுமாக ஒர்தான்ஸ் அத்தை. மெயிலிஸின் முகம் மெர்லோ நிறத்துக்குப் போனது.

அத்தை காபி குடிக்க உட்கார்ந்ததும், ஜாடியை எங்காவது ஒளித்துவிடும் திட்டத்தோடு மெயிலிஸ் பூனைபோல் கிடங்குக்குள் நுழைந்தாள்.

அங்கே அர்மான் முந்திக்கொண்டிருந்தார். அக்காவின் ஜாடியை வினிகர் பீப்பாயில் கவிழ்த்துவிட்டு, காலி ஜாடியில் தன் மெர்லோவை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா!"

"உஷ்! ரொம்ப வருஷமா இப்படித்தான். மோந்துகூடப் பாக்கறதில்லை, நேரா வினிகருக்குத்தான். அக்கா மனசு நோகக் கூடாது, ஒயினும் கெடக் கூடாது. வெளிய மூச்சு விட்டே, தொலைஞ்சே!"

மெயிலிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சே, இந்த மனுஷனைப் போய்த் திட்டினோமே!

அத்தை தன் கையாலேயே ஜாடியைப் பீப்பாயில் சாய்த்தாள். தரகர் வந்தார். உறிஞ்சினார், கொப்பளித்தார், துப்பினார், கூரையைப் பார்த்தார்.

"கடைசில மெத்துன்னு ஒண்ணு நாக்குல நிக்குதே, அது என்ன?"

"என் ஆத்தோர மண்ணு!" என்றாள் அத்தை.

அர்மான் இருமினார். மெயிலிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தரகர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகக் கை குலுக்கினார். சாப்பாட்டில், சாலட்டில் மிஞ்சிய வினிகரை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தின்றார்.

"வினிகர்கூட இந்த வீட்டுல தனி ருசி!"

மேஜையை ஒழிக்கும்போது அத்தை மெயிலிஸின் காதருகே குனிந்தாள்.

"ருசி இருக்காதா பின்னே? அதுவும் அவனோட மெர்லோதானே!"

மெயிலிஸ் கையிலிருந்த முள்கரண்டி விழுந்தது.

"என் கொடியெல்லாம் உன் கல்யாணத்துக்கு அடுத்த வருஷமே உறைபனில கருகிப் போச்சுடி. கிடங்கோட பழைய சாவி எங்கிட்ட இருக்கு. முந்தின நாளே வந்து அவன் பீப்பாய்லேர்ந்து பிடிச்சுட்டுப் போயி, அதையேதான் கொண்டுவர்றேன். தெரிஞ்சா, தன் தோட்டத்துல பாதியை என் பேருக்கு எழுதிடுவான், பைத்தியக்காரன்."

"அப்போ... மாமா மாத்தறது?"

"நான் அவன் ஒயினைக் கொண்டுவர ஆரம்பிச்சதும் வினிகர் திடீர்னு ருசியாச்சே, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே அத்தை?"

"வேணாம்டி" என்று அத்தை கண்ணைச் சிமிட்டினாள். "அக்காவை ஏமாத்திட்டோம்னு வருஷத்துல ஒரு நாள் குழந்தை மாதிரி குதிக்கறான். அதையும் நான் திருடணுமா?"